கண்ணைக் காட்ட எண்ணூறு கிலோமீற்றர்

ஒக்ரோபர் கடைசி வாரம் நானும் கணவரும் ரொறன்ரோவுக்குப் போய் வந்தோம். உல்லாசப் பயணம் இல்லை. அவருடைய கண்ணைப் பெரிய டொக்டரிடம் காட்டப் போனோம். வடக்கே சின்னச் சின்ன ஊர்களில் கடை, மோட்டல், பெற்றோல் நிலையம் என்று நடத்தும் எங்கள் ஆட்கள் பலர், உடம்புக்கு ஏதும் என்றவுடன் காரைத் தெற்கே திருப்பிவிடுகிறார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்று வழி, செலவு, விட்ட பிழை எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன். பிழைதான் கொஞ்சம் அதிகம்.

எங்கள் ஊர் பதினோராம் இலக்க நெடுஞ்சாலையில், கொக்ரேனுக்கு மேற்கே ஒரு மணித்தியால ஓட்டத்தில் இருக்கிறது. பாதிப் பேருக்கு மேல் பிரெஞ்சு பேசுவார்கள். தமிழ் வீடு என்றால் எங்களுடையது ஒன்றுதான். நான் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறேன். என் கணவர் அருள்நாதன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். எங்கள் ஆட்களின் வழக்கப்படி இனி அவரை 'இவர்' என்றே எழுதுகிறேன், பெயர் சொன்னால் எனக்கே வேறு யாரையோ பற்றிப் பேசுவது போல இருக்கிறது.

ஊரில் நிரந்தர டொக்டர் இல்லை. வருவார்கள், ஒரு குளிர்காலம் பார்ப்பார்கள், போய்விடுவார்கள். எங்களைப் பார்ப்பது ஜோஸே என்ற தாதிதான். வருத்தத்தைப் பார்த்து மருந்து எழுதிக் கொடுக்கும் அளவுக்குப் படித்தவள். இந்த வசந்தகாலத்தில் அவளுடைய கிளினிக்குக்குக் கண்ணின் பின்பக்கத்தைப் படம் எடுக்கும் கமரா ஒன்று வந்தது. முன்பு தேநீர் குடிக்கும் அறையாக இருந்த இடத்தில் அதை வைத்திருக்கிறார்கள். ஒக்ரோபர் நடுவில் இரத்தத்தில் சீனி பார்க்கப் போன இவரை ஒருநாள் அங்கே கூப்பிட்டு இருத்தி, "நாடியை இதில் வையுங்கள், சிரிக்கத் தேவையில்லை" என்று சொல்லிப் படம் எடுத்தாள். கால் மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. படம் கணினி வழியாக ரொறன்ரோவில் இருக்கும் ஒரு கண் நிபுணருக்குப் போனது.

நான்கு நாளில் பதில் வந்துவிட்டது. வலது கண்ணின் பின்னால் இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கியிருக்கின்றன, சீக்கிரம் லேசர் அடிக்க வேண்டும், விட்டால் திடீரென்று இரத்தம் கசிந்து பார்வை போகலாம் என்று. அந்த நிபுணரே சில மாதங்களுக்கு ஒருமுறை எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு வருவார். ஒக்ரோபர் கடைசி வியாழன் காலை ஒன்பது இருபதுக்கு ஜோஸே இவருக்கு இடம் போட்டாள். அதுவரை பஸ்ஸும் வேண்டாம், நெடுஞ்சாலையில் காரும் வேண்டாம் என்றாள்.

அன்றைக்குத்தான் இவர் வாயைத் திறந்தார். இரண்டு மாதமாகக் கறுத்த நூல் ஒன்று கண்ணுக்கு முன்னால் ஓடுகிறதாம். பஸ் கண்ணாடியில் ஊத்தை என்று நினைத்து ஒவ்வொரு நாளும் துடைத்தாராம். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. பார்வை போனால் பஸ் லைசென்ஸ் போகும். பஸ் போனால் இந்த மனிதன் காலை ஐந்து மணிக்கு எழும்பி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

செய்தி ரொறன்ரோவில் மல்வேர்ன் பகுதியில் இருக்கும் றீற்றா மச்சாளுக்குப் போனது. இவருடைய மூத்த அக்கா அவர். இலங்கையில் ஊரில் இருந்தபோது யாருக்கு என்ன வந்தாலும் கொழும்புக்குக் கொண்டுபோவதற்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர். இப்போது கொழும்பின் இடத்தில் ரொறன்ரோ இருக்கிறது, அவ்வளவுதான் மாற்றம்.

"றெஜி, கண்ணைப் படம் எடுத்து அனுப்பிறதுக்கு அங்க என்ன கலியாண வீடே நடக்குது?" என்று தொலைபேசியில் கேட்டார். "முகத்தைப் பாக்காத டொக்டர் என்னெண்டு வருத்தத்தைச் சொல்லுறது? நீங்கள் வெளிக்கிட்டு வாங்கோ. எங்கட கோயில்ல பாடுற ஆளின்ர மகள் கண் கிளினிக்கிலதான் வேலை. நான் சொல்லி நேரம் எடுத்துத் தாறன்."

அன்று பின்னேரமே நேரம் எடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை பத்து நாற்பது. நான் ஜோஸேயை அழைத்து வியாழக்கிழமை இடம் வேண்டாம் என்றேன். அவள் காரணம் கேட்கவில்லை. "கவனமாக ஓட்டுங்கள், றெஜினா" என்று மட்டும் சொன்னாள்.

திங்கள் காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். நான்தான் ஓட்டினேன். இந்தப் பாதையில் போகிறவர்கள் கொக்ரேனில் பெற்றோலை நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்துக்கு எங்களுக்கு நூற்றுப் பத்து டொலர் அளவில் முடிந்தது. நியூ லிஸ்கேட்டில் ஒன்பதேகாலுக்குக் கோப்பி, கூடவே நான் பொரித்துக் கொண்டுபோன மீன் கட்லெட். அங்கிருந்து நோர்த் பே வரை நூற்றைம்பது கிலோமீற்றர், நடுவில் கழிவறை என்று நம்பிப் போகக்கூடிய இடம் ரெமகாமி ஒன்றுதான். நோர்த் பேயில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டால் அதற்குப் பிறகு சாலை அகலமாகிவிடும். சாலைக்குக் குறுக்கே பாயும் கடமான் பயமும் குறையும்.

பரி நகரைத் தாண்டியதும் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இங்கே வந்த பதினொரு வருடத்தில் 400, 401 நெடுஞ்சாலைகளில் நான் ஓட்டியதே இல்லை, எப்போதும் இவர்தான். பக்கத்தில் இருந்த இவர் பஸ்ஸுக்குள் பிள்ளைகளை இருத்துகிற அதே குரலில் சொல்லிக்கொண்டு வந்தார்.

"அவசரப்படாதையும். கண்ணாடியைப் பாரும். அந்தப் பெரிய ட்ரக் போகட்டும். இப்ப மாறும்."

407இல் ஏறினால் காசு போகும், 401இல் ஏறினால் நேரம் போகும். நாங்கள் நேரத்தைக் கொடுத்தோம். நாலேகால் மணிக்கு மச்சாளின் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது என் தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன.

மச்சாளுக்கு அறுபத்தொரு வயது. பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் காலை ஷிஃப்ட். மகள் படிக்கப் போனபின் அந்த ரவுன்ஹவுஸ் தொடர்வீட்டில் தனியாகத்தான் இருக்கிறார், ஆனால் தனியாக இருக்கிற ஆள் போல ஒருநாளும் சமைக்க மாட்டார். புட்டு, நண்டுக்கறி, முட்டைப் பொரியல் எல்லாம் ஆயத்தம். கோப்பையின் உட்பக்க விளிம்பில் ஒரு விரலை மடக்கி வைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சூடு படுமே என்று நினைத்தேன். பேச்சு வாக்கில் கேட்க மறந்துவிட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னமே மூன்று குடும்பம் வந்துவிட்டது. வருத்தக்காரரைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாது என்பது எங்கள் சட்டம். சீனி வருத்தக்காரருக்கு என்ன கொண்டு வருவது என்பதற்குச் சட்டம் இன்னும் வரவில்லை. திராட்சை, மாம்பழச் சாறு, ஒரு பட்டர் கேக். இவர் எல்லாவற்றையும் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நான் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் போனபின் மச்சாள் இன்னொரு செய்தி சொன்னார். கண்ணுக்குக் காவலான புனித லூசியாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை தம்பியின் பெயருக்கு. தம்பி வந்து கோயிலின் முன்வரிசை வாங்கில் முழங்காலில் நிற்க வேண்டும். இவர் தலையாட்டினார். அக்கா சொன்னால் இவர் தலையாட்டுவார், ஐம்பத்து மூன்று வயதிலும் அதில் மாற்றம் இல்லை.

கிளினிக் மில்லிக்கன் பக்கம், ஸ்டீல்ஸ் வீதிக்குக் கிட்ட ஒரு பிளாசாவின் மேல்மாடியில் இருந்தது. மல்வேர்னில் இருந்து இருபத்தைந்து நிமிடம், தரிப்பிடம் இலவசம். வழிகாட்ட மச்சாள் முன்சீற்றில் ஏறினார். எங்களுக்கு நேரம் எடுக்கப் போன கிழமைதான் வந்துபோன இடமாம், ஆனாலும் பெயர்ப்பலகையைக் காணாமல் தாண்டி, இரண்டு சிக்னல் போய்த் திரும்பி வந்தோம். "கதையில விட்டிட்டன்" என்றார்.

காத்திருக்கும் அறை நிரம்பியிருந்தது. எல்லாருக்கும் கண்ணில் மருந்து விட்டிருந்ததால் எல்லாரும் மூடிய கண்ணோடு தங்கள் பெயருக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்து நாற்பது என்பது பன்னிரண்டேகால் ஆனது. டொக்டர் இளம் வயது, நல்ல மனிதர், அவசரப்படாமல் பார்த்தார். முன்பு எடுத்த படம் ஏதும் உண்டா என்று கேட்டார். ஜோஸே தந்த படம் என் தொலைபேசியில் இருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நன்றாக எடுத்திருக்கிறார்கள். நான் சொல்லப்போவதும் இதையேதான்" என்றார்.

அப்படியென்றால் லேசர் எப்போது என்று கேட்டேன். இங்கே ஐந்து வாரம் ஆகும், அவசரம் என்று போட்டாலும் மூன்று வாரமாவது ஆகும் என்றார்.

"உங்கள் பக்கத்துக்கு ஒருவரும் வருவதில்லையா?"

"வருவார்கள். வியாழக்கிழமை வருகிறார்கள். நாங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வியாழன் என்றால் நாளை மறுநாள். அந்த இடம் இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த நகரத்தில் கண் டொக்டர் நிறையப் பேர், ஆனால் வரிசையும் அதே அளவுக்கு நீளம்."

காருக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டோம். இவர் கறுப்புக் கண்ணாடியோடு பின்சீற்றில் சாய்ந்திருந்தார். மச்சாள் கைப்பையை மடியில் வைத்து அதன் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்தப் படம் சரிதானோ?" என்று மெல்லக் கேட்டார்.

"ஓம் மச்சாள். சரிதான்."

ஜோஸேயை அழைத்தேன். வெட்கத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "உங்கள் இடத்தை நான் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை" என்றாள். ரொறன்ரோ போகிறவர்கள் பலர் இரண்டாம் நாள் தன்னை அழைப்பார்களாம், அதனால் கடைசி நாள்வரை வைத்திருப்பாளாம். "ஆனால் நாளை மாலை ஐந்து மணிக்குள் நீங்கள் வந்து சேர்ந்ததாக எனக்குச் சொல்ல வேண்டும். இன்னும் மேற்கே ஹேர்ஸ்ற் பக்கத்தில் ஒரு பெண் காத்திருக்கிறாள். நீங்கள் இல்லையென்றால் அவள் புறப்பட வேண்டும்."

முகம் தெரியாத அந்தப் பெண்ணை அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுடைய கண்ணும் கண்தானே.

மச்சாள் வீட்டில் மத்தியானச் சாப்பாட்டை முடித்தோம். ஞாயிற்றுக்கிழமைப் பூசைவரை இனி நிற்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்ற மச்சாள் திரும்பாமலேயே சொன்னார்.

"லூசியம்மா இஞ்சயும் இருக்கிறா, அங்கயும் இருக்கிறா. நீங்கள் விடிய வெளிக்கிடுங்கோ. பூசைக்கு நான் நிக்கிறன்."

"அக்கா, நேர்த்தி..." என்று இவர் தொடங்கினார்.

"நீ சும்மா இரு. உனக்குப் படம் எடுத்த பிள்ளைக்கும் சேர்த்துத்தான் மண்டாடப் போறன்."

புதன் காலை நாலரைக்கு மல்வேர்னை விட்டோம். இந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஐந்தரைக்குப் பிறகு 401 வேறு உலகம். எட்டரைக்கு நோர்த் பே. நேரம் கையில் நிறைய இருக்கிறது என்று நினைத்தபடி ரெமகாமியைத் தாண்டினோம். அதற்குப் பிறகு பனி பொழியத் தொடங்கியது. லற்ச்ஃபோர்ட்டுக்கு முன்னால் வரிசையாகச் சிவப்பு விளக்குகள். பெரிய ட்ரக் ஒன்று சாலைக்குக் குறுக்கே சறுக்கி நிற்கிறது, ஆளுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் இழுத்து எடுக்கும்வரை வழி இல்லை என்று முன்காரில் இருந்தவர் நடந்து வந்து சொன்னார். வடக்கில் ஒரு சாலை மூடினால் மூடியதுதான், சுற்றுவழி கிடையாது.

இரண்டரை மணித்தியாலம் நின்றோம். கார் எஞ்சினை இடைக்கிடை ஓடவிட்டுச் சூடாக்கி, மச்சாள் கட்டித் தந்த புட்டைச் சாப்பிட்டோம். இவர் பனியைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"றெஜி, நூல் இப்ப ரெண்டாப் போச்சு."

"எப்ப இருந்து?"

"நேற்றுப் பின்னேரம் இருந்து. உம்மட ஓட்டம் கெட்டுப்போகும் எண்டு சொல்லேல்ல."

என் ஓட்டமாம். திட்டுவதற்கு நிறைய இருந்தது, ஆனால் என்னால் இவருடைய கையைப் பிடித்துக்கொள்ளத்தான் முடிந்தது. பயம் என்றால் அதுதான் பயம். முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை, நடுவில் நாங்கள் இரண்டு பேரும் அந்த இரண்டு நூலும்.

பன்னிரண்டரைக்குச் சாலை திறந்தது. பனியில் மெல்லத்தான் போக முடிந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டே வழி சொன்னார், எந்த இடத்தில் வளைவு, எந்தப் பாலத்தில் வழுக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். நாலு ஐம்பதுக்குக் கொக்ரேனைப் பிடித்தோம். இன்னும் ஒரு மணித்தியால ஓட்டம். அங்கிருந்து மேற்கே போனால் தொலைபேசி வேலை செய்யாத இடங்கள் உண்டு, அதனால் பெற்றோல் நிலையத்திலேயே நிறுத்தி ஜோஸேயை அழைத்தேன்.

"வந்து சேரவில்லை, ஜோஸே. கொக்ரேனில்தான் நிற்கிறோம்."

"கொக்ரேன் வந்துவிட்டால் அது ஊர்தான்" என்றாள். ஹேர்ஸ்ற் பெண்ணுக்கும் வியாழன் பின்னேரம் கடைசியாக ஒரு இடம் கேட்டு வாங்கிவிட்டாளாம். நான் பெற்றோல் பம்ப்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வியாழன் காலை எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில் டொக்டரைப் பார்த்தோம். உருவத்தில் சிறிய பெண். கைகொடுக்கும் முன்னமே இவரை இருத்தி, கருவிக்குள்ளால் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "இந்தக் கண்ணை எனக்குத் தெரியும்" என்றார். "மேற்பக்கம் கசிவு. இப்போது கொஞ்சம் கூடியிருக்கிறது. நல்ல நேரத்துக்கு வந்தீர்கள்." நாங்கள் ரொறன்ரோவுக்குப் போய்வந்ததை ஜோஸே சொல்லியிருந்தாளாம், அங்கே எங்கே போயிருந்தோம் என்று கேட்டார். மல்வேர்ன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். அவருடைய வீடு அங்கிருந்து பத்து நிமிடமாம், முதல்நாள் விமானத்தில் வந்து இறங்கினாராம்.

லேசருக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. நூல் உடனே போகாது, கரைய நாள் எடுக்கும், மூன்று வாரத்தில் ஜோஸே இன்னொரு படம் எடுத்து அனுப்பட்டும் என்றார். எடுத்தாள், அனுப்பினாள், பதிலும் நல்லதாகவே வந்தது. போன திங்கள் இவர் திரும்பவும் பஸ்ஸை எடுத்தார். கண்ணாடியை இன்னும் துடைக்கிறார், பழக்கம்.

இனி, இப்படிப் போக நினைப்பவர்களுக்கு. புறப்படும் முன் உங்கள் கிளினிக்கில் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை இங்கேயே பார்க்க வழி உண்டா, யாரும் வருகிறார்களா, திரை வழியாகப் பார்க்கலாமா. தெற்கே போகத்தான் வேண்டும் என்றால் அவர்களைக் கொண்டே அனுப்பச் சொல்லுங்கள். வடக்கில் வசிப்பவர்களுக்குப் பயணச் செலவில் ஒரு பகுதியை மாகாணம் திருப்பித் தரும், ஆனால் எங்களைப் போல யாரும் அனுப்பாமல் தாங்களாகவே ஓடிப் போனவர்களுக்கு அது கிடைக்காது. உள்ளூரில் கிடைத்த இடத்தை மற்ற இடம் உறுதியாகும்வரை விடாதீர்கள், விடுவதென்றால் நேரத்தோடு சொல்லுங்கள், பின்னால் யாரோ காத்திருக்கிறார்கள். கண்ணுக்கு மருந்து விட்டால் அன்று முழுக்க ஓட்ட முடியாது, இன்னொரு சாரதி வேண்டும். ஒக்ரோபரிலேயே குளிர்கால ரயரைப் போட்டுவிடுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை கண் பார்ப்பது ஒன்ராறியோ சுகாதார அட்டைக்குள் வரும், போகும்போது கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இந்தக் கடைசி வரியை ஏன் எழுதினேன் என்பதையும் சொல்ல வேண்டும். வியாழன் பின்னேரம் இவர் மச்சாளை அழைத்து நடந்ததெல்லாம் சொன்னார். முகத்தைப் பார்க்கும் முன்னமே கண்ணைத் தெரியும் என்று டொக்டர் சொன்னதையும் சொன்னார். பிறகு மச்சாள் கேட்டார்.

"தம்பி, அந்த நூல் எண்டு சொன்னியே. அது எப்பிடி ஓடும்? கண்ணைத் திருப்பினால் அதுவும் திரும்புமோ?"

"ஓம் அக்கா. ஏன்?"

"எனக்கு ரெண்டு வருசமா ஓடுது. கோயில்ல வாசகம் வாசிக்கிறதை விட்டதும் உதாலதான். எழுத்து வளையுது."

தேத்தண்ணி நிரம்புவதைத் தொட்டுப் பார்க்கக் கோப்பைக்குள் மடங்கியிருந்த அந்த விரல் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தாண்டிப்போன பெயர்ப்பலகையும் ஞாபகம் வந்தது. மச்சாளுக்கும் பதினைந்து வருடமாகச் சீனி. கண் காட்டும் கடை ஒன்றைத் தாண்டித்தான் அவருடைய பஸ் தினமும் வேலைக்குப் போகிறது. ஊரில் எல்லாருக்கும் நேரம் எடுத்துக் கொடுத்தவருக்கு நேரம் எடுத்துக் கொடுக்க ஒருவரும் இருக்கவில்லை.

அக்காவிடம் தலையாட்டியே பழகியவர் அன்று முதல்முறை கட்டளை போட்டார். "அக்கா, இந்தக் கிழமையே போய்ப் படம் எடுங்கோ. நான் ஒவ்வொரு நாளும் போன் எடுத்துக் கேப்பன்." கேட்கவும் செய்தார்.

ஞாயிறு பூசையில் இவருடைய பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயரும் வாசித்தார்களாம். றீற்றா. மச்சாள் தானே கொடுத்திருக்கிறார். அடுத்த செவ்வாய் வேலை முடிந்து போய்ப் படம் எடுத்தார். இரண்டு கண்ணுக்கும் லேசர் வேண்டுமாம், டிசம்பர் முதல் கிழமைக்கு நாள் கிடைத்திருக்கிறது. அன்று ஓட்டுவதற்கு நான் லீவு போட்டுவிட்டேன்.

படம் எடுத்த அன்று மச்சாள் என்னைத்தான் அழைத்தார்.

"றெஜி, இஞ்ச படம் எடுத்த பிள்ளையும் சிரிக்கத் தேவையில்லை எண்டுதான் சொன்னது."

"நீங்கள் சிரிச்சனீங்களோ மச்சாள்?"

"இல்லையம்மா" என்றார். "நடுங்கிக்கொண்டு இருந்தனான்."